நித்திரையில் கத்தியது சண்டை அல்ல

1

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், இதே பங்குனி மாதத்தில், நான் வாழும் நோர்வே நகரத்து வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவிலிருந்து எனக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. இந்நாட்டவர் கடிதம் எழுதுவதில் வல்லவர்கள். எந்த வாயிலால் நுழைவது, எத்தனையாம் மாடிக்கு ஏறுவது, பாவிக்கும் மருந்துகளின் பட்டியலை எங்கே ஒப்படைப்பது என யாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரி மாத்திரம் என்னைத் திகைக்க வைத்தது. "உங்களுடன் ஒரே அறையில் நித்திரை கொள்பவரையும் அழைத்து வந்தால் உதவியாக இருக்கும்."

அறுபத்தேழு வயதான ஒருவனிடம் ஓர் அரசாங்கம் இப்படியும் கேட்குமா என்று யோசித்தபடி கடிதத்தை மடித்தேன். பின்னர் மனம் கேளாமல், குசினியில் நின்ற என் மனைவி செல்வமலருக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப ஆரைக் கூட்டிக்கொண்டு போகப் போறியள்?" என்று கேட்டார்.

"உன்னைத்தான். வேறை ஆரை?"

"நான் உங்களோடை ஒரு அறையிலை படுத்து ஆறு வருஷம். ஆஸ்பத்திரியிலை வந்து என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

அவர் சொன்னது உண்மையே. நான் நித்திரையில் கத்துபவன். கத்துவதோடு நில்லாமல் கையை வீசுவேன், உதைப்பேன். ஒரு முறை அவருடைய கன்னத்தில் என் முழங்கை பட்டு, வேலைக்குச் சென்ற இடத்தில் அவர் கதவில் இடித்ததாகச் சொல்ல நேர்ந்தது. அன்றைய தினம் தலையணையை எடுத்துக்கொண்டு, கலியாணம் முடித்துப் போய்விட்ட எங்கள் மகள் தாரணியின் வெற்று அறைக்குச் சென்றவர்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் கதைத்துக்கொள்ளவில்லை.

கதைக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அது விளங்கும். நித்திரையில் கத்தும் மனிதனைப் பற்றி எங்கள் பக்கத்தில் எவரும் விசாரிப்பதில்லை. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கத்தினார். விடிந்ததும் அவருக்குத் தேநீர் கொடுப்பார்கள். முகத்தைப் பார்க்காமல் கொடுப்பார்கள். அது ஒரு மரியாதை. சாமிப் படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தது போல அந்த மரியாதையையும் நாங்கள் இந்நாட்டுக்குக் கொண்டு வந்திருந்தோம்.

நிற்க. என் குடும்ப வைத்தியர் என்னை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பியது இதற்காக அன்று. என் கையெழுத்துச் சிறுத்துக்கொண்டு போயிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆயினும் பளையில் இருந்த காலத்தில் ஊரவருக்கு மனு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு என் எழுத்து நன்றாக இருந்தது. அந்த எழுத்து வரியின் தொடக்கத்தில் நெல்மணியளவாகவும், முடிவில் எறும்பளவாகவும் ஆயிற்று. வலக்கைப் பெருவிரலும் தானாக ஆடத் தொடங்கியிருந்தது.

2

உரைபெயர்ப்பாளர் தேவையா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். தேவையில்லை என்று அடையாளமிட்டேன். அது என் செருக்கு. வடக்கே மீன் பதனிடும் ஆலையில் பதினான்கு ஆண்டுகளும், பின்னர் இந்நகரப் பள்ளியொன்றில் காவலனாகவும் வேலை செய்த எனக்கு உரைபெயர்ப்பாளர் எதற்கு என எண்ணினேன். ஆனால் நான் மொழி பயின்றது மீனிடத்திலாகும். ஒரு மீனின் பன்னிரண்டு பாகங்களுக்கு இந்நாட்டு மொழியில் பெயர் சொல்வேன். அச்சத்தின் வகைகளுக்கு ஒரு பெயரும் அறியேன்.

வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. நான் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறியதைக் கண்டதும், உடன் வந்திருந்த தாரணி எனக்காகப் பதில் சொல்ல முற்பட்டாள். பிள்ளைகள் பெற்றோருக்கு உரைபெயர்ப்பது முறையன்று என்று வைத்தியர் பணிவாகத் தடுத்து, தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண்ணை இணைத்தார். தாரணி கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தாள். எங்களைப் பற்றி வேறு யாரோ சொல்லக் கேட்பது அவளுக்குப் புதிது.

"நித்திரையில் சத்தமிடுவதுண்டா?" என்று வைத்தியர் கேட்பித்தார்.

"ஓம். அது சண்டையாலை வந்தது," என்றேன்.

தொலைபேசிக் குரல் அதை மொழிபெயர்த்ததும் வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சற்றுத் தாழ்த்தினார். அந்தத் தலை தாழ்த்தலை நான் இந்நாட்டில் எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் கண்டிருக்கிறேன். போர் என்று சொன்னால் அதற்கு மேல் எவரும் கேட்கமாட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பழகிப்போயிருந்தது என்பதையும், கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்பதையும் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் இந்த வைத்தியர் மேலும் கேட்டார். கேள்வி எனக்கன்று, செல்வமலருக்கு. "எப்போது தொடங்கியது?"

"மகள் கலியாணம் முடிச்ச வருஷம். ஒரு எட்டு வருஷமிருக்கும்."

"அதற்கு முன்னர்?"

"முந்தியெண்டால் இவர் மரக்கட்டை. பக்கத்திலை குண்டு விழுந்தாலும் எழும்பமாட்டார். நான் பகிடிக்குச் சொல்லேல்லை. பளையிலை உண்மையா விழுந்தது. இவர் எழும்பேல்லை. நான்தான் காலிலை பிடிச்சுப் பங்கர்க் குழிக்குள்ளை இழுத்துக்கொண்டு போனனான்."

தொலைபேசியில் உரைபெயர்ப்பாளர் சிரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, பின்னர் மொழிபெயர்த்தார். தாரணியும் தலையாட்டினாள். தான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் அப்பா ஒரு நாளேனும் கத்தியதில்லை என்று வைத்தியருக்கு அவர்களுடைய மொழியிலேயே சொன்னாள்.

வன்னியை விட்டு நான் புறப்பட்டது போரின் நடுக்காலத்தில். கடைசி மாதங்களில் நான் அங்கே இருக்கவில்லை. மீன் ஆலையின் ஓய்வறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றேன். அங்கே நின்று அனைத்தையும் கண்டவர் செல்வமலரின் தம்பி தவராசா. அவர் தம் எட்டு வயது மகள் மதுராவை அந்த மாதங்களிலேதான் இழந்தார். நானோ, போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்து தொடங்கிய என் கத்தலுக்கும் அந்தப் போரின் பெயரையே இட்டு, எட்டு ஆண்டுகள் அந்த மரியாதையை அனுபவித்திருந்தேன்.

3

வைத்தியர் எனக்கு விளக்கியதை ஊரவர்களுக்கு விளங்கும்படி எழுதுவதே இக்குறிப்பின் நோக்கம். நான்கு ஆண்டுகளாக வாசித்தும், கேட்டும், பிழை திருத்தியும் அறிந்தது இது.

நம் மூளையின் கலங்களுக்குள் பலவகைப் புரதங்கள் உண்டு. புரதம் என்பது நீண்ட நூல் போன்றது. அது உரிய முறையில் மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். அவற்றுள் ஒன்று, ஆல்ஃபா சினுக்ளீன் என்று பெயர் பெற்றது, ஏதோ ஒரு காரணத்தால் பிழையாக மடிந்துவிடுகிறது. பிழையாக மடிந்தது தனியே இருந்தால் கேடில்லை. அது அருகிலுள்ள நல்ல புரதத்தைத் தொடும்போது அதுவும் அதே பிழையான மடிப்பை எடுத்துக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. கட்டியின் சிறு துண்டு உடைந்து, நரம்பின் வழியே அடுத்த கலத்துக்குச் சென்று, அங்கும் அதே வேலையைத் தொடங்குகிறது.

இதைக் கேட்டபோது எனக்குப் பளை நினைவுக்கு வந்தது. எங்கள் வளவுக்கு எதிரே பனங்கற்கண்டு காய்ச்சும் கொட்டில் ஒன்று இருந்தது. கருப்பநீர் எனப்படும் பதநீரைக் காய்ச்சிய பாணியைப் பானையில் ஊற்றி, உள்ளே நூலைத் தொங்கவிட்டு வைப்பார்கள். சில பானைகள் நாட்கணக்கில் வெறும் பாணியாகவே கிடக்கும். அப்போது பழைய கற்கண்டின் ஒரு துணுக்கை அதில் இடுவார்கள். அந்தத் துணுக்கின் ஒழுங்கைப் பார்த்துப் பாணியிலுள்ள சீனி முழுவதும் அதன் மேல் வந்து அடுக்கிக்கொள்ளும். துணுக்கு உயிருள்ளதன்று. அது கிருமியுமன்று. அதன் வடிவமே அதன் வலிமை. என் வைத்தியரிடம் இதைச் சொன்னேன். முதலில் நான் பாலுக்கு உறை மோர் இடுவதைத்தான் உவமையாகச் சொன்னேன். மோரில் உயிருள்ள நுண்கிருமி உண்டு, ஆகவே அது பொருந்தாது என்று அவர் திருத்தினார். கற்கண்டை ஏற்றுக்கொண்டார்.

பரவும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கட்டி பக்கத்தில் உள்ளதற்கெல்லாம் பரவுவதில்லை. நரம்பால் தொடுக்கப்பட்ட இடத்துக்கே பெரும்பாலும் போகிறது. குளத்து வாய்க்காலில் மிதந்து வரும் களைவிதை, வரம்புக்கு அப்பால் இரண்டு முழத்தில் உள்ள மேட்டு வயலை விட்டுவிட்டு, அரைக் கட்டை, அதாவது அரை மைல், தூரத்தில் அதே வாய்க்காலில் நீர் பெறும் வயலில் முளைப்பதைக் கண்டிருப்பீர்கள். அதைப் போன்றது.

எனவே நோய் படிப்படியாக ஏறுகிறது. பலருக்கு அது குடலின் நரம்பிலோ, மணம் அறியும் நரம்பிலோ, மூளையின் அடித்தண்டிலோ தொடங்குகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். கனவு காணும்போது நம் கைகால்களை அசையவிடாமல் கட்டிவைக்கும் சிறு பகுதி அந்த அடித்தண்டில் உள்ளது. அது பழுதானால் கட்டு அவிழ்ந்துவிடும். கனவில் ஓடுபவன் கட்டிலில் ஓடுவான். கனவில் அடிப்பவன் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பான். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முந்தியே இது தொடங்கிவிடலாம். கட்டி இன்னும் மேலே சென்றால் நடை குறுகும், உடல் விறைக்கும். இதுவே பார்க்கின்சன் வருத்தம். சிலருக்கு நினைவும் காட்சியும் முந்திக் குழம்பும் வகை ஒன்றும் உண்டு. அல்சைமர் என்னும் மறதி நோயில் வேறு புரதங்கள் இதே போக்கில் பரவுவதாகச் சொல்கிறார்கள்.

ஏன் முதலாவது புரதம் பிழையாக மடிந்தது என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கட்டிதான் கேட்டைச் செய்கிறதா, கேட்டின் மிச்சமாகக் கட்டி கிடக்கிறதா என்பதிலும் அறிஞரிடையே வாதம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று வைத்தியர் சொன்னதனால்தான் தெரிந்ததாக அவர் சொன்னவற்றை நான் நம்பினேன். இன்னொன்றையும் தெளிவாக எழுதுகிறேன். இது ஒருவரோடு ஒருவர் பழகுவதால் ஒட்டுவதன்று. கட்டி ஒரே தலைக்குள் பரவுமேயன்றி, என் கோப்பையில் தேநீர் குடிப்பவருக்குப் பரவாது.

கிழமைக்கு ஒரு நாள் இவ்வருத்தக்காரர்கள் கூடிக் கோப்பி அருந்தும் மண்டபம் ஒன்று இங்குண்டு. நானும் செல்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற மீனவர் ஒருவர் எனக்கு நண்பரானார். தம் வீட்டு மாடிப்படியில் இரண்டு சிறு பிள்ளைகள் அமர்ந்திருப்பதைத் தாம் அடிக்கடி காண்பதாக அவர் சொன்னார். பிள்ளைகள் ஒன்றும் கதைப்பதில்லையாம். அவர் காலை வணக்கம் சொல்லிவிட்டு, காலைக் கவனமாக வைத்து இறங்குவாராம். அது அவருடைய வருத்தத்தின் காட்சி என்பது அவருக்கும் தெரியும். இதை அவர் சீனிக்கட்டியைக் கோப்பியில் நனைத்தபடி, காலநிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

4

என் நாட்கள் இப்போது ஒழுங்காகவே செல்கின்றன. எட்டு மணிக்கு மருந்துக் குளிசை. பின்னர் இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு பனியில் நடை. வந்ததும் பத்திரிகையை உரத்துப் படிக்க வேண்டும். இவ்வருத்தம் குரலையும் சிறுக்க வைக்கும் என்பதால் பயிற்சியாளர் இட்ட கட்டளை அது. எழுத்தைப் பெரிதாக எழுதப் பழகுகிறேன். இக்குறிப்பும் வரிக்கு நான்கு சொல் வீதம் எழுதப்பட்டதே. என்னைக் குறித்து எனக்குக் கவலை இல்லை.

கவலை சென்ற தை மாதத்தில், கிளிநொச்சியிலிருந்து வந்தது. இரணைமடு வாய்க்காலில் நீர் பெறும் வயலோடு அங்கே கமம் செய்பவர் தவராசா. காலபோக அறுவடை நேரத்தில் நான் அழைத்தால், வெட்டு மெசின் வரவில்லை என்று வைதுகொண்டேதான் தொலைபேசியை எடுப்பார். அம்முறை அவருடைய மனைவி கமலா எடுத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"அண்ணை, இவருக்கு ஏலாது. பலகை மாதிரிக் கிடக்கிறார். கோப்பையைப் பிடிக்கவும் ஏலாது, நான்தான் சோறு தீத்திறன்."

"எப்ப தொடக்கம்?"

"முந்தியே நடை குறைஞ்சுதான் இருந்தது. ரெண்டு தரம் வரம்பிலையும் விழுந்தவர். ஆனால் இப்பிடி விறைச்சது இந்தக் குளிசை தொடங்கி ரெண்டு கிழமைக்குள்ளை."

"என்ன குளிசை? என்ன சொல்லிக் குடுத்தவை?"

கமலா குரலை இன்னும் தாழ்த்தினார். "வயல் தண்ணிப் பம்படியிலை பிள்ளை நிக்குது எண்டு சொல்லத் தொடங்கினார் அண்ணை. ஒரு வருஷமாச் சொல்லுறார். மதுரா எண்டுதான் நாங்கள்... டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போய், சண்டையிலை பிள்ளை செத்தது, அந்தப் பயம், பிள்ளை தெரியுது எண்டு சொன்னனாங்கள். மனசுக்கெண்டு எழுதித் தந்தவர்."

"நித்திரையிலை கத்துறது, அடிபடுறதைச் சொன்னனீங்களோ?"

"அதை ஏன் அண்ணை சொல்ல? அது எல்லாருக்கும் உள்ளதுதானே."

அந்த வைத்தியரில் பிழையில்லை. நாங்கள் சொன்ன கதைக்கு அவர் மருந்து எழுதினார். சண்டை என்ற ஒரு சொல்லைச் சொல்லி அவருடைய பேனாவையும் நாங்கள் கீழே வைப்பித்துவிட்டோம்.

என் வைத்தியசாலைத் தாதியை அழைத்துக் கேட்டேன். காணாத நோயாளிக்கு மருந்து சொல்ல முடியாது என்று முதலில் சொன்னார். ஆயினும், நித்திரையில் அடிபடுதல், குறுகிய நடை, பேசாத பிள்ளையின் காட்சி ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பின் அது என் வருத்தத்தின் உறவாக இருக்கக்கூடும் என்றார். அவ்வாறாயின் மனநோய்க்கு வழங்கும் சில குளிசைகள் உடலை ஆபத்தாக விறைக்க வைக்கும். இன்றே மருந்து எழுதியவரிடம் அறிவித்து, நரம்பு வைத்தியர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

செல்வமலரிடம் சொன்னேன். அவர் மா அரித்துக்கொண்டிருந்தார். அரிதட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்தைப் பற்றி மட்டும் கதையுங்கோ. பிள்ளையைப் பற்றித் தம்பியிட்டை வாய் திறவாதேங்கோ."

"அது பிள்ளை இல்லை, செல்வம். வருத்தம்."

"எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். நீங்கள் நோர்வேயிலை இருந்துகொண்டு அதையும் பறிக்கப் போறியளோ?"

5

மறுநாள் தவராசாவே தொலைபேசியில் வந்தார். கமலா காதோடு பிடித்திருந்தார் போலும். சொற்கள் சேற்றில் நடப்பன போல மெல்ல வந்தன. ஆனால் வாய் பழைய வாய்தான்.

"என்ன அத்தான். நீங்கள் அங்கை ஆடுறியள், நான் இஞ்சை விறைக்கிறன். ரெண்டு பேரையும் சேர்த்துக் குலுக்கினால் ஒரு நல்ல மனிசன் வரும்."

நான் கற்கண்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என்ரை மண்டைக்குள்ளை கற்கண்டு விளையுது. கமலா, இனித் தேத்தண்ணிக்குச் சீனி வாங்காதை."

"மச்சான், பகிடியை விடு. நரம்பு டொக்டர் ஒருத்தரிட்டைப் போகவேணும். இந்தக் குளிசையை மாத்தவேணும். நித்திரையிலை அடிபடுறதையும் சொல்லவேணும்."

"அது சண்டை அத்தான்."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். எனக்கே அது சண்டை இல்லையெண்டு பிறகுதான் தெரிஞ்சுது. எங்களுக்கு எல்லாத்துக்கும் அந்த ஒரு மறுமொழிதான். இஞ்சை ஒரு மீன்பிடிக்கிற கிழவன் இருக்கிறார். அவரின்ரை படியிலையும் ரெண்டு பிள்ளையள் வந்து இருக்குதுகளாம். பேசாதுகளாம்."

"வெள்ளைக்காரருக்கும் வருதோ? அவருக்கு என்ன சண்டை?"

"ஒரு சண்டையும் இல்லை. அதுதான் மச்சான் விசயம்."

செல்வமலர் எனக்கு இட்ட தடையை நான் மீறிவிட்டேன் என்பதை அப்போதே உணர்ந்தேன். மறுமுனையில் கோழி ஒன்று கொக்கரிப்பது மாத்திரம் கேட்டது.

"மருந்தை மாத்தினால் பிள்ளை வராமல் விட்டிடுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததே நாங்கள் மரியாதைக்காக உண்மையைச் சொல்லாமல் விட்டதுதான்.

"தெரியாது மச்சான். வராமலும் விடலாம்."

"கமலா, போனை வை," என்றார்.

ஒன்பது நாட்கள் அழைப்பில்லை. நான் சும்மா இருக்கவில்லை. வைத்தியரிடம் கொடுப்பதற்கு ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். சண்டை என்ற சொல்லை அதில் கடைசி வரிக்கு வைத்தேன். எது எப்போது தொடங்கியது என்பதை மட்டும் முன்னே வரிசையாக எழுதினேன். அதை ஆங்கிலத்தில் ஆக்கித்தரும்படி தாரணியைக் கேட்டேன். வருடத்தில் நான்கு முறை வருபவள், அன்றைக்கு வேலையிலிருந்து நேரே வந்தாள். தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் ஓரிடத்தில் கையை நிறுத்தினாள்.

"மதுராவோடை நான் ஒருக்காக் கதைச்சனான் அப்பா. சமாதான காலத்திலை. கிளிநொச்சியிலை ஒரு கொமினிகேசன் கடையிலையிருந்து போன் எடுத்தவை. அவளுக்கு அப்ப அஞ்சு வயசு வருமோ? எனக்கு வாய் திறக்க விடேல்லை. ஆடு குட்டி போட்டது, அம்மா அடிச்சது, பல்லு விழுந்தது. கார்ட் முடியிற வரைக்கும் அவள்தான் கதைச்சாள்."

என் மகளுக்கு நினைவில் நிற்கும் தமிழ்க் குரல்களில் அதுவும் ஒன்று என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அந்தப் பக்கத்தைக் கமலாவின் தொலைபேசிக்கு அனுப்பினோம். பதில் இல்லை.

பத்தாம் நாள் கமலா அழைத்தார். குளிசை எழுதிய வைத்தியரே பக்கத்தை வாசித்து, உடனே அக்குளிசையை நிறுத்தி, யாழ்ப்பாணத்து நரம்பு வைத்தியரிடம் அனுப்பியிருந்தார். தவராசா தாமாகவே வாகனத்தில் ஏறியதாகவும், தாம் ஒரு சொல்லும் வற்புறுத்தவில்லை என்றும் கமலா சொன்னார். நாங்கள் நினைத்த வருத்தமே அது. புதிய மருந்து தொடங்கி, விறைப்புத் தளர்ந்து, அவர் கோப்பையைத் தாமே பிடிப்பதற்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அதன் பின்னர்தான் அவர் என்னை அழைத்தார். செல்வமலரும் பக்கத்தில் இருந்து கேட்டார்.

"அக்கா அழுதவவோ?" என்று முதலில் கேட்டார்.

"இல்லையடா தம்பி," என்றார் செல்வமலர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அத்தான், அக்கா கமலாவிட்டைச் சொல்லிப் பயந்த மாதிரி நீங்கள் ஒண்டும் பறிக்கேல்லை. இதை உங்களுக்குச் சொல்லவேணும் எண்டுதான் எடுத்தனான். மதுரா எப்பவெண்டாலும் அஞ்சு நிமிஷம் வாய் மூடி நிண்டவளோ? பம்பைத் திறந்தால் தண்ணிக்குள்ளை பாய்ஞ்சிடுவாள். அந்தப் பிள்ளை நிக்கிற நிலையைக் கண்ட அண்டைக்கே இது என்ரை பிள்ளை இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் மச்சான் சொல்லேல்லை?"

"கமலா நம்பினவள். அவளுக்கு அது ஆறுதலாக் கிடந்தது. அதோடை, ஆரின்ரை பிள்ளையெண்டாலும் படியேறி வந்ததைப் போ எண்டு சொல்ல மனம் வரேல்லை."

கமலாவோ, அவருக்கு ஆறுதல் என்று எண்ணித்தான் தாம் நம்பியதாகச் செல்வமலரிடம் பின்னர் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீர் கொடுக்கும் எங்கள் மரியாதை அந்த வீட்டில் ஒரு முழு ஆண்டு ஆட்சி செய்திருக்கிறது.

6

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு நான் உறுதியோடு சொல்லக்கூடியது இவ்வளவே. நித்திரையில் கத்துபவர்கள் எல்லோரும் வருத்தக்காரர் அல்லர். போர் உண்மையாகவே பலரின் நித்திரையைக் கெடுத்தது, கெடுக்கிறது. அதற்கும் மருத்துவம் உண்டு. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கிய கத்தலை, கனவோடு சேர்ந்து கை வீசுவதை, மணம் தெரியாமல் போவதை, நடை குறுகுவதை வைத்தியரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லாதீர்கள். காரணத்தைக் கண்டறிவது அவர் வேலை. எப்போது தொடங்கியது என்பதை, பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கட்டி பரவுவதை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. பல நாடுகளில் தேடுகிறார்கள். என் இரத்தமும் முள்ளந்தண்டு நீரும் அந்தத் தேடலுக்காக இங்கே குளிர்ப் பெட்டியில் இருக்கின்றன, ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் ஒப்பமிட்டேன். எனக்கு உதவாவிடினும் யாருக்கோ உதவும். பானையில் நூல் தொங்கவிட்டவன் கற்கண்டு விளையும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதைக் கரைக்க முனைபவனும் அவ்வாறே.

செல்வமலர் இப்போது மீண்டும் என் அறைக்கு வந்துவிட்டார். கட்டில் இரண்டு, இடையில் தலையணைகளால் ஒரு வரம்பு. நித்திரைக்கு எடுக்கும் குளிசையால் என் சண்டை ஓரளவு அடங்கியிருக்கிறது. காலையில் நான் என்ன கத்தினேன் என்பதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். நேற்று மீனுக்கு விலை பேசினேனாம்.

தவராசாவின் காட்சி முற்றாக நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. பயமுறுத்தாமல் வந்து போகும் காட்சியை விரட்ட வேண்டியதில்லை, நடையும் விழாமல் இருப்பதுமே முக்கியம் என்று அங்குள்ள நரம்பு வைத்தியர் சொன்னாராம். சென்ற ஞாயிறு, வயலைக் காட்டுவதற்காகக் கமலா காணொளி அழைப்பில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பின்னே வர, தவராசா கோலை ஊன்றி வரம்பில் எனக்கு முன்னால் நடந்தார். அறுவடைக்குப் பின் விதைத்த பயறு முழங்கால் அளவுக்கு நின்றது. பம்படிக்குக் கிட்டவாக அவர் நின்றார். ஒரு காலைக் கவனமாக வயலுக்குள் இறக்கி, வரம்பை விட்டு ஒதுங்கினார். எவரும் எதிரே வரவில்லை.

"ஆருக்கு மச்சான் வழி விடுறாய்?" என்று கேட்டேன்.

"ஆரெண்டு தெரியாது அத்தான்," என்றார், மறுபடியும் வரம்பில் ஏறிக்கொண்டு. "சின்னப் பிள்ளை. வழி விடத்தானே வேணும்."